சர்க்கரை என்றால் எந்தச் சர்க்கரை?

எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு ஊர்கள் குடித்தனம் நடத்துகின்றன. நான் மதுரைப் பக்கம்; மனைவி சேலத்துப் பக்கம். உப்பு, புளி, மிளகாய் வரைக்கும் ஒற்றுமைக்குக் குறைவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்தால்தான் எல்லைத் தகராறு. காப்பிக்குப் போடுகிற வெள்ளைச் சரக்குக்கு எங்கள் ஊரில் சீனி என்று பெயர். சர்க்கரை என்றால் பழுப்பாக, பொடியாக, பொங்கலுக்குப் போடுவது. அவள் ஊரில் வெள்ளையாக இருப்பதே சர்க்கரை. பழுப்பானதற்கு ‘நாட்டு’ என்று முன்னால் ஓர் அடைமொழி கொடுத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிடுவார்கள்.

கல்யாணமான புதிதில் அவள் என் அம்மாவிடம், “காப்பிக்குச் சக்கரை போதுங்களா அத்தை?” என்று கேட்டுவிட்டாள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏன்டா, அவுக ஊர்ல காப்பியில சக்கரையா போடுவாக?” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். மனைவியின் பாட்டி இந்தச் சண்டையில் சேரவே இல்லை. அவர் வாயில் அது அஸ்கா. தஞ்சாவூரிலிருந்து வரும் என் சித்தப்பா ஜீனி என்பார். ஒரே டப்பா, ஒரே கரண்டி, நான்கு பெயர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு ரத்தப் பரிசோதனை வந்து சேர்ந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். “சார், இனிமே சர்க்கரையைத் தொடக் கூடாது” என்றார்.

மனைவி தலையாட்டினாள். எனக்கோ அப்போதே உள்ளுக்குள் ஒரு வெளிச்சம். மருத்துவர் சர்க்கரை என்றுதானே சொன்னார்? சீனி என்று சொல்லவில்லையே! மதுரைச் சட்டப்படி எனக்கு விலக்கப்பட்டது பழுப்புப் பொடி மட்டும். அதை நான் வருஷத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலன்றுதான் பார்க்கிறேன். மறுநாள் காலைக் காப்பியில் இந்த வாதத்தை முன்வைத்தேன்.

“உங்க ஊரு அலங்காநல்லூர்ல ஆலை வாசல்ல என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

சர்க்கரை ஆலை என்றுதான் எழுதியிருக்கிறது. ரேஷன் அட்டையிலும் அரசாங்கம் சர்க்கரை என்றே எழுதுகிறது. அந்தச் சர்க்கரையை வாங்க வரிசையில் நின்றுகொண்டு, “ரேஷன் சீனி வந்துருச்சா?” என்று கேட்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அரசாங்கம் மனைவி பக்கம் சேர்ந்துவிட்டதால், நான் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தது அப்படித்தான். மொழி ஆர்வம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காப்பி கசந்தது, அவ்வளவுதான்.

முதல் அகராதியிலேயே நல்ல செய்தி கிடைத்தது. வடமொழியில் ‘சர்க்கரா’ என்றால் முதலில் இனிப்பே கிடையாது. சரளைக் கல், பொடிக்கல், பரல். பாலியில் ‘சக்கரா’ என்றாலும் கூழாங்கல்தான். கரும்புச் சாற்றைக் காய்ச்சி இறுக்கினால் பல்லில் நறநறவென்று கடிபடுகிற மணி மணியாக ஒரு பொருள் வந்ததே, அதைப் பார்த்த எவனோ ஒருவன் ‘அட, சரளை மாதிரி இருக்கே!’ என்றிருக்க வேண்டும். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, மருத்துவர் எனக்கு விலக்கியது சரளைக் கல். இந்த நிபந்தனையை நான் சிறுவயது முதலே கடைப்பிடித்து வருகிறேன்.

அடுத்த பக்கத்தில் அவ்வளவு நல்ல செய்தி இல்லை. சுசுருதர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலில், சிறுநீர்ப் பாதையில் கல் உடைந்து பொடிப்பொடியாக இறங்குவதற்கும் ‘சர்க்கரா’ என்றே பெயர். இன்றைக்கு நாம் கல்லடைப்பு என்று அலறிக்கொண்டு ஓடுகிறோமே, அதன் நெருங்கிய உறவு. அதே மரபில் நீரிழிவுக்கு வேறு பெயர் இருந்தது, மதுமேகம். தேன்போல இனிக்கும் நீர் என்று பொருள். அந்த நீரை எறும்பு மொய்ப்பதையும் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 17-ஆம் நூற்றாண்டில் அதையே நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார். எறும்பிடம் கேட்டிருந்தால் போதும். படித்தவர்கள் யோசனை கேட்பதில்லை.

இனிப்பின் பெயராகிவிட்ட அந்தச் சரளை உலகம் சுற்றக் கிளம்பியது. அலெக்சாந்தரோடு இந்தியாவுக்கு வந்த கடற்படைத் தலைவன் நியார்க்கஸ், தேனீ இல்லாமலேயே தேன் தரும் நாணல் ஒன்று இந்த ஊரில் இருக்கிறது என்று குறித்து வைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் அதற்குச் ‘சாக்கரோன்’ என்று பெயர் சொல்லி, உப்பைப் போலப் பல்லில் நொறுங்கும் என்றும் எழுதினார். ரோமாபுரியின் பிளினி, மருந்துக்கு மட்டுமே பயன்படும் என்று முடித்துவிட்டார். பிளினி சொன்னதை நான் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “மருந்துதானாம்” என்றேன். “வேளைக்கு எத்தனை மாத்திரை அளவு?” என்றாள்.

பாரசீகத்தில் ‘ஷக்கர்’. அரபியில் ‘சுக்கர்’. இத்தாலியில் ‘சுக்கெரோ’, பிரான்சில் ‘சூக்ர்’, ஜெர்மனியில் ‘த்சுக்கர்’, ருஷ்யாவில் ‘சாகர்’, கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் ‘சுக்காரி’, துருக்கியில் ‘ஷெக்கர்’. கிழக்கே திரும்பினால் பர்மாவில் ‘தஜா’, கம்போடியாவில் ‘ஸ்கர்’. ஸ்பெயின்காரன் மட்டும் ‘அசூகர்’ என்கிறான். அரபியில் பெயருக்கு முன்னால் ‘அல்’ என்று ஓர் ஒட்டு வரும். அது இங்கே ‘அஸ்’ என்று மாறி ‘அஸ்-சுக்கர்’ ஆகும். ஸ்பெயின்காரன் சரக்கை இறக்கும்போது சாக்கையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொண்டுவிட்டான். போர்ச்சுக்கீசியனும் அப்படியே.

அந்தப் போர்ச்சுக்கீசியன் மலபார்க் கரைக்கு வந்தபோது நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். அவன் வாயில் ஏற்கெனவே ‘அசூக்கர்’ இருக்கிறது. சந்தையில் பழுப்பாக உருண்டை உருண்டையாக ஒன்றைப் பார்க்கிறான். பெயர் கேட்கிறான். மலையாளி ‘சர்க்கர’ என்கிறான், பேச்சில் ‘சக்கர’. ஆகா, புதுப் பண்டம், புதுப் பெயர் என்று அதை ‘ஜாகரா’ என்று எழுதிக்கொண்டு போனான். ஆங்கிலேயன் அதை ‘ஜாகரி’ ஆக்கினான். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் இதே நாட்டிலிருந்து கிளம்பி, பாரசீகம், அரேபியா, ஸ்பெயின் என்று சுற்றிவிட்டு வந்த சொல், தன்னைப் பெற்ற வீட்டு வாசலில் நின்று தன் கூடப்பிறந்தவனையே ‘நீங்க யாரு?’ என்று கேட்டிருக்கிறது. இன்றைக்கும் பெரிய கடைகளில் ‘சுகர் வேண்டாம், ஜாகரி ஆரோக்கியம்’ என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரை வேண்டாம், சர்க்கரை கொடுங்கள் என்கிறார்கள். கடைக்காரர் அண்ணாச்சி இரண்டுக்கும் பில் போடுகிறார்.

சர்க்கரை, சுகர், ஜாகரி மூன்றும் ஒன்றே என்றாகிவிட்டதால் என் வழக்கில் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சீனி. அது வேறு வம்சம். சீனாவிலிருந்து வந்ததால் சீனி. இந்திக்காரர்களுக்கும் அது ‘சீனி’தான். வெள்ளை வெளேரென்று சுத்தப்படுத்திய சரக்குக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கற்கண்டை வடக்கே ‘மிஸ்ரி’ என்பார்கள். ‘மிஸ்ர்’ என்றால் எகிப்து. கரும்பு நம்முடையது, காய்ச்சியது நாம், பெயர் மட்டும் சீனாவுக்கும் எகிப்துக்கும். நம் கரும்பு என்று நான் சும்மா சொல்லவில்லை. அதியமானின் முன்னோர் எங்கிருந்தோ கரும்பைக் கொண்டுவந்து இங்கே நட்டதாகப் புறநானூற்றிலேயே பாராட்டு இருக்கிறது. அதியமான் தகடூர்க்காரன், சேலத்துக்குப் பக்கம். இந்தத் தகவலை நான் வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே அந்தப் பக்கத்துக் கை ஓங்கியிருக்கிறது.

சீனர்கள் இதை எங்கே கற்றார்கள்? 647-இல் தாங் பேரரசர் தைத்சோங், சர்க்கரை காய்ச்சும் வித்தையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார் என்று அவர்களுடைய அரச வரலாறே சொல்கிறது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஒரு பழைய தாளின் ஒரு பக்கம் பௌத்த சூத்திரம். மறுபக்கம் இந்தியாவில் சர்க்கரை காய்ச்சும் முறை. அதில் புரியாமல் கிடந்த ஒரு சொல்லை, வடமொழி படித்த சீன அறிஞர் ஜி ஷியான்லின் ‘சர்க்கரா’ என்று கண்டுபிடித்தார். ஒரு பக்கம் ஆசையே துன்பத்துக்குக் காரணம், மறுபக்கம் பாகு பதம். அந்தத் தாளை வைத்திருந்த துறவியை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. பிற்பாடு மார்கோ போலோ எழுதுகிறார்: சீனத்தின் ஃபூஜியன் பகுதிக்காரர்களுக்குச் சாம்பல் போட்டுச் சர்க்கரையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தவர்கள் எகிப்துப் பக்கத்திலிருந்து போனவர்களாம். நாம் சீனனுக்குச் சொல்லிக்கொடுத்தோம், எகிப்தியனும் சீனனுக்குச் சொல்லிக்கொடுத்தான், கடைசியில் இருவர் பேரையும் நம் வீட்டு டப்பாவில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அஸ்கா இன்னும் வேடிக்கை. பாட்டி சொல்லும்போதெல்லாம் ஏதோ அரபியோ பாரசீகமோ என்றுதான் நினைத்திருந்தேன். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ருஷிகுல்யா ஆற்றங்கரையில் அது ஓர் ஊர். 1936 வரைக்கும் கஞ்சம் சென்னை மாகாணத்தோடு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அங்கே ஆலை வைத்து இயந்திரத்தில் வெள்ளைச் சர்க்கரை செய்தார்கள். பக்கத்திலேயே சாராயமும் வடித்தார்கள். மூட்டையில் ஊர்ப் பெயர் இருந்தது, உள்ளே சர்க்கரை இருந்தது, நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் சேலத்துக்கு வந்து, ‘எங்க ஊர் அஸ்கா’ என்றால் பாட்டி என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எறும்பு இல்லாமல் எப்படிக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

ஆகச் சீனி சீனாக்காரன், அஸ்கா ஒடிசாக்காரன், சர்க்கரை மட்டுமே குற்றவாளி. மனைவி இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என் கட்சிக்குக் கிடைத்தார். கனடாவில் இருக்கிறார். தொலைபேசியில் என் கதையைச் சொன்னதும், “எனக்கும் சீனி வருத்தம்தான் ஐசே” என்றார். நான் ஒரு கணம் திகைத்தேன். சீனி விலை ஏறிவிட்டதால் வருத்தப்படுகிறாரோ? அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். நமக்குச் சர்க்கரை வியாதி, அவர்களுக்குச் சீனி வருத்தம். பின்னாலேயே அவர் சொன்னதுதான் அமுதம். “டொக்டர் சீனி வேண்டாம் எண்டவர். அதாலை நான் சீனியைத் தொடுறேல்லை. பிளேன்டீக்குப் பனங்கட்டி கடிக்கிறனான், இல்லாட்டில் கொஞ்சம் சர்க்கரை.” அவர்கள் ஊரில் சர்க்கரை என்றால் நம் ஊர் வெல்லம். எனக்குச் சர்க்கரை விலக்கு, சீனி தர்மம். அவருக்குச் சீனி விலக்கு, சர்க்கரை தர்மம். வேதாரண்யத்துக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே இருக்கிற கொஞ்சக் கடலைத் தாண்டினால் நோய்க்கே கட்சி மாறிவிடுகிறது. இருவரும் ஒரே ஊரில் இருந்திருந்தால் ஒரே கடையில் கணக்கு வைத்திருப்போம். ஒருவர் விட்டதை மற்றவர் சாப்பிட்டு, பொருள் வீணாகாமல் போயிருக்கும்.

பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கிற அந்தப் பழக்கம் ஈரானிலும் உண்டு. அங்கே பல்லுக்கு நடுவே வைத்துக்கொள்வது ‘கந்த்’ என்கிற கட்டிச் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை என்பதையும் அவர்கள் கந்த் என்றே சொல்வார்கள். அந்தக் கந்த்தைப் பிடித்துக்கொண்டு போனால் நம் கற்கண்டில் வந்து முட்டும். வடமொழியில் ‘கண்ட’ என்றால் துண்டு. கோபம் வந்தால் கண்டந்துண்டமாக வெட்டுவேன் என்கிறோமே, அந்தக் கண்டமேதான். கல் போன்ற கண்டு, கற்கண்டு. பாரசீகம், அரபி, பிரெஞ்சு என்று இதுவும் அதே வழியில் போய் ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆயிற்று. நம் பழைய மருந்துச் சீட்டுகளில் ‘கண்டசர்க்கரை’ என்று ஒரு சரக்கு வரும். ஆங்கிலேயனின் ‘சுகர் கேண்டி’யைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், கண்டசர்க்கரை விழும். மலாய்க்காரர்களும் கற்கண்டைக் ‘கூலா பாத்து’, அதாவது கல் சர்க்கரை என்கிறார்கள். சீனர்கள் பழைய நாளில் கட்டிச் சர்க்கரையைக் கல்தேன் என்றார்கள். உலகத்தில் யார் இதைப் பார்த்தாலும் முதலில் கல் நினைவுதான் வந்திருக்கிறது. பல் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

(பள்ளிக்கூட நாளில் எனக்குக் கல்கண்டு என்றால் தமிழ்வாணன் நடத்திய பத்திரிகை. அதை எத்தனை படித்தாலும் ரத்தத்தில் ஏறாது.)

மார்கழி வந்தது. மார்கழி 27, கூடாரவல்லி. எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் அக்காரவடிசல் வந்தது. பாலில் குழைந்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், கிண்ணத்தின் ஓரத்தில் தேங்கி நிற்கும் நெய். இது சாதாரணச் சரக்கு அல்ல. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு அண்டா வெண்ணெயும் நூறு அண்டா அக்கார அடிசிலும் படைப்பதாக ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்திக்கடனைப் பின்னாளில் இராமானுசர் செலுத்தினார் என்பது வைணவ மரபு. அதற்காக ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தாளாம். அழகர்கோவில் எங்கள் மாவட்டம். ஆகவே இந்தக் கிண்ணத்தில் எனக்குச் சமய உரிமை, மண்ணின் உரிமை இரண்டும் இருந்தன. போதாக்குறைக்கு, பேரிலேயே சர்க்கரை இல்லை. அக்காரம்!

கரண்டியைக் கையில் எடுக்கும் முன் அகராதியை எடுத்ததுதான் வினை. அக்காரமும் அதே சர்க்கராதான். வடக்கிலிருந்து வருகிற சொல்லின் தலையில் ஸகரமோ சகரமோ இருந்தால் தமிழ் பழங்காலத்தில் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லும். ‘சிராவண’ மாதம் ஆவணி ஆனது அப்படி. ‘சஹஸ்ரம்’ ஆயிரம் ஆனதும் அப்படி. ‘சக்கரா’ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அக்காரம் ஆகிவிட்டது. பல காலம் கழித்து அதே ஆள் செருப்போடு இன்னொரு தடவை வந்து சர்க்கரை என்று பெயர் கொடுத்திருக்கிறான். சிங்களத்தில் அவனே ‘ஹக்குரு’; அங்கே அது கருப்பட்டி, வெல்லம். இதை ஏன் படித்தேன், எதற்காகச் சத்தமாகப் படித்தேன் என்று தெரியவில்லை. மனைவி கிண்ணத்தை மூடினாள். “அப்ப இதுவும் சர்க்கரைதான்னு நீங்களே சொல்றீங்க.”

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகு, எந்தச் சொல்லிலும் புகுந்துகொள்ள இடமில்லை என்பது உறுதியானது. வெல்லம் ஒன்றுதான் நம் திராவிடக் குடும்பத்துச் சொல். கன்னடத்தில் ‘பெல்ல’, தெலுங்கில் ‘பெல்லம்’. சொல் வேறாக இருந்தாலும் ரத்தத்தில் செய்கிற வேலை ஒன்றே என்று மருத்துவர் இரக்கமில்லாமல் சொல்லிவிட்டார். மருத்துவர்களுக்குச் சொற்பிறப்பியலில் நம்பிக்கை கிடையாது.

கடைசியாக மருந்துக்கடையில் ஒரு சின்னப் புட்டி வாங்கிவந்தேன். குட்டிக் குட்டி மாத்திரை, காப்பியில் ஒன்று போட்டால் இனிக்கும், ரத்தத்தில் ஏறாது. சாக்கரின். இதற்கும் ஒரு கதை உண்டு. 1879-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் நிலக்கரித் தார்ச் சரக்குகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. விரலை நக்கினார், விரலும் இனித்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய் மேசைமேல் இருந்த பாத்திரங்களையெல்லாம் ருசி பார்த்துக் கண்டுபிடித்தார். கை கழுவாமல் சாப்பிடுவதால் வருகிற நன்மைக்கு என் பக்கம் இருக்கிற ஒரே சான்று இது என்பதால், இந்தக் கதையை மிகுந்த உற்சாகத்தோடு மனைவிக்குச் சொன்னேன். அந்த உற்சாகத்திலேயே, பெயர்கூடப் பழைய லத்தீன் ‘சாக்கரம்’தான், நம் சர்க்கரையேதான், பார்த்தாயா, கல்லிலிருந்து கிளம்பி நிலக்கரிக்கு வந்திருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவள் புட்டியை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“சக்கரின். சக்கரை. ஒரே குடும்பம்னு நீங்கதானே சொல்றீங்க?”

“அது பேர்தான்மா. உள்ளே ஒண்ணும் கிடையாது.”

“பேருக்காகத்தானே இத்தனை நாளா வாதாடினீங்க?” என்றாள். புட்டி மேல் தட்டுக்குப் போயிற்று.